மஞ்சள் லைட்

தம்பியோட பிக்கப் மறுபடியும் சர்வீஸ் சென்டர்ல நிக்குது.
அறுப்பு நேரம். குரும்பகரத்துல நெல்லு மூட்டை களத்துலயே கிடக்கு.

வண்டி பிஎஸ்-6 டீசல். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த டீசல் வண்டிங்கள்ல பெரும்பாலும் சைலன்சர் லைன்ல புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் இருக்கு. சேர்ந்த கரி எரிய கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு வேணும். அதுக்கு வண்டி நல்ல வேகத்துல கொஞ்ச நேரம் விடாம ஓடணும்.

எங்க ஓட்டுறது?
வயல்லேர்ந்து களம். களத்துலேர்ந்து நெடுங்காடு. வாய்க்கால் ஓரமா செகண்ட் கியர்லயே ஊர்ந்து போற பாதை.
ஃபில்டர் அடைக்குது, மஞ்சள் லைட் எரியுது, மூட்டை ஏத்துனா இழுக்கவே மாட்டேங்குது.

விக்கும்போது இதை ஒருத்தர்கூடச் சொல்லலை.
இப்ப கேட்டா, "நீங்க ஓட்டுற விதம் சார், வாரண்டில வராது"ங்கிறாங்க. அதையே ஜாப் கார்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கன்னா பேச்சையே மாத்துறாங்க.

வயிறு எரியுதுங்க. வண்டி நின்னாலும் தவணை நிக்காதே.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணி புகார் பதிஞ்சாச்சு. நுகர்வோர் ஆணையம் வரைக்கும் போறதா இருக்கோம்.

நம்ம காரைக்கால் பக்கம் வேற யாருக்காவது இப்படி ஆச்சா? எழுத்துல ஏதாவது வாங்க முடிஞ்சுதா?