இனுக்கா காணாத கடல்

டிசம்பர் வந்தால் நம் கடைத்தொகுதிகளில் பனிக்கரடியும் பெங்குவினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். காட்டு வாழ்க்கையில் அவை சந்திப்பதே இல்லை. பனிக்கரடிக்கு வடதுருவப் பகுதிதான் வீடு: கனடா, அலாஸ்கா, கிரீன்லாந்து, நார்வேயின் ஸ்வால்பார்ட், ரஷ்யா. பெங்குவின்களின் வீடு தெற்கே. அண்டார்டிகாவில் மட்டுமல்ல, தென்னாப்பிரிக்கா, சிலி, நியூசிலாந்துக் கரைகளிலும் அவை உண்டு. கலாபகோஸ் பெங்குவின் பூமத்திய ரேகையிலேயே வாழ்கிறது. அங்கே ஓடும் குளிர்ந்த நீரோட்டம் அதைக் காப்பாற்றுகிறது.

நம் சிங்கப்பூரும் பூமத்திய ரேகைக்குப் பக்கம்தான். 1990ஆம் ஆண்டு இங்குள்ள விலங்கியல் தோட்டத்தில் இனுக்கா பிறந்தது. வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி அதுதான். பிள்ளைகளோடு நானும் பலமுறை போய்ப் பார்த்திருக்கிறேன். 2004இல் அதன் வெள்ளை ரோமத்தில் பாசி படிந்து பச்சையாகிவிட்டது. 2018 ஏப்ரலில், 27 வயதில், முதுமையும் நோயும் வாட்டிய அதைக் கருணைக்கொலை செய்தார்கள். உறைந்த கடலை அது ஒருநாளும் கண்டதில்லை.

இனிப் பனிக்கரடிகளைக் கொண்டுவருவதில்லை என்று தோட்டம் முடிவெடுத்துவிட்டது. என் பேரன் இங்கே பனிக்கரடியைப் பார்க்கப்போவதில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. பனிக்கரடி சீல் பிடிக்கும் அந்தக் கடற்பனி உருகிக் குறைந்துகொண்டே வருகிறதே, வருத்தம் அதில்தான்.