கொழுக்குமலையும் ஒரு தண்ணீர்க் குடுவையும்

தேனி ஜில்லாவைச் சேர்ந்த கொழுக்குமலைக்கு ஜீப்பில் போக விரும்புகிறவர்கள் முதலில் தமிழ்நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்! போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மலையேறி, கேரளத்தின் இடுக்கி ஜில்லாவிலுள்ள சூரியநெல்லியை அடைந்து, அங்கே ஜீப் ஒன்றை அமர்த்திக்கொண்டு, மறுபடியும் தமிழ்நாட்டு எல்லைக்குள் பிரவேசிக்க வேண்டும். சொந்த வீட்டுக்குள் அடுத்த வீட்டுக் கொல்லை வழியாகப் புகுவது போன்ற இந்தக் காரியத்தைச் சென்ற மார்கழி விடுமுறையில் நாங்கள் செய்தோம்.

நாங்கள் என்றால், ஒரே பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்கள் மூவர். எங்களில் ஒருவருடைய பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி. இரவு மலைமேல் தங்கி நட்சத்திரம் பார்ப்பது எங்கள் உத்தேசம். ஆகையால் கூடாரம், அடுப்பு, இரண்டு பெரிய கேன் தண்ணீர், பள்ளிக்கூடத்துத் தொலைநோக்கி ஆகிய சாமான்கள் எங்களுடன் வந்தன.

சூரியநெல்லியில் எங்களுக்கு வாய்த்த ஜீப்காரருக்கு அறுபது வயதிருக்கும். நாங்கள் பத்து நிமிஷத்தில் ஏற்றி முடித்த சாமான்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் கீழே இறக்கினார். திரும்ப ஏற்றி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. "அண்ணே, மூட்டை கட்டுகிறீர்களா, முகூர்த்தத்துக்குப் பந்தல் போடுகிறீர்களா?" என்று எங்களில் ஒருவர் கேட்டே விட்டார். அவர் சிரித்தாரேயொழிய அவசரப்படவில்லை.

அவர் செய்த விதத்தைக் கவனித்தபோது அதில் ஒரு சாஸ்திரமே இருப்பது புலப்பட்டது. கனமான தண்ணீர்க் கேன்கள் வண்டியின் தரையில், முன் ஆசனங்களுக்கு நேர் பின்னால் வந்து உட்கார்ந்தன. இலேசான கூடாரமும் போர்வைகளும் மேலே போயின. வண்டி ஒரு பக்கமாகச் சாயும் பாதையில், கனம் மேலே ஏற ஏறக் கவிழும் அபாயமும் ஏறும் அல்லவா? சுத்தியலும் ஸ்பானர்களும் தனித்தனியே சாக்குத் துணியில் சுற்றப்பட்டு ஒரு மரப்பெட்டிக்குள் சென்றன. பெட்டியில் மிஞ்சிய இடத்தைக் கந்தல் துணியால் அடைத்தார். உள்ளே காலி இடம் இருந்தால் இரும்பும் இரும்பும் மோதிக்கொண்டே வரும். பெட்டி எவ்வளவு இறுகக் கட்டியிருந்தும் பயனில்லை. கடப்பாரையும் மண்வெட்டியும் வண்டியின் நீளவாக்கில் படுத்தன. அவற்றின் முனைகளுக்குச் சாக்கு உறை. இரு கோடியிலும் கட்டு.

கட்டியது எதில் என்பது இன்னும் முக்கியம். ஆசனத்தின் காலிலோ மேல் துணியைத் தாங்கும் கம்பியிலோ அவர் ஒரு முடிச்சுக்கூடப் போடவில்லை. தரை இரும்போடு போல்ட் போட்டு முடுக்கியிருந்த வளையங்களில்தான் எல்லாப் பட்டைகளும் மாட்டப்பட்டன. பல்சக்கரப் பூட்டு வைத்த அந்த நைலான் பட்டைகளை இழுத்து முடுக்கினால் பிறகு தளருவது அரிது. நாங்கள் பெருமையுடன் கொண்டுபோயிருந்த ரப்பர் கயிறுகளை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது போர்வைக்கு ஆகும் ஸார், ஜாக்கிக்கு ஆகாது. சாமான் எம்பினால் இதுவும் கூடவே நீளும்" என்றார். ஜாக்கி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை, இழுவைக் கயிறு, மருந்துப் பெட்டி இவை மட்டும் பின்கதவைத் திறந்தவுடன் கைக்கு எட்டும்படி வைத்துக் கட்டப்பட்டன. ஆபத்துச் சமயத்தில் மூட்டை முழுவதையும் பிரித்துக்கொண்டிருக்க முடியுமா?

எங்களில் பௌதிகம் போதிப்பவர் ஒரு கணக்குப் போட்டார். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் 5 கிலோ ஜாக்கியைப் பிடித்து நிறுத்துவதற்கு ஏறக்குறைய 35 கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும். கட்டாத ஜாக்கியை எதிரே இருப்பவருடைய முதுகுதான் பிடித்து நிறுத்தும்! வருஷந்தோறும் நாங்கள் கரும்பலகையில் எழுதிவரும் நியூட்டனுடைய முதல் விதியை, அந்தப் பெரியவர் நைலான் பட்டையால் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்த பிறகு ஒன்று மட்டும் வெளியே நின்றது. அது குழந்தையின் எவர்சில்வர் தண்ணீர்க் குடுவை. "அதையும் பைக்குள்ளே போட்டுக் கட்டிவிடலாம்" என்றார் பெரியவர். "வழியில் தாகம் எடுக்குமே, கையில் வைத்துக்கொள்கிறோம்" என்றோம். "அப்படியானால் கையிலேயே இருக்கட்டும்" என்று சொல்லி வண்டியை எடுத்தார்.

அந்தப் பாதையைப் பாதை என்று சொல்லுவது மரியாதைக்காகத்தான். பாறைகளும் உருட்டுக் கற்களும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. வண்டியின் ஒரு சக்கரம் கல்லின்மேல் ஏறும்போது எதிர்ச்சக்கரம் குழிக்குள் இறங்கியது. நான்கு சக்கரங்களுக்கும் இயந்திரத்தின் பலம் போய்ச் சேருகிறபடியால் வண்டி நகர்ந்தது. நாங்கள் ஆசனத்தில் இருந்த நேரத்தைவிட அந்தரத்தில் இருந்த நேரமே அதிகம். முதல் கிலோமீட்டர் கழிந்ததும் பெரியவர் வண்டியை நிறுத்திப் பட்டைகளைத் தொட்டுப் பார்த்தார். சாமான்கள் குலுங்கிப் படிந்திருந்தமையால் இரண்டு பட்டைகள் தளர்ந்திருந்தன. முடுக்கிவிட்டுப் புறப்பட்டார். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் இப்படிப் போய், 7,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள தேயிலைத் தோட்டத்தை அடைந்தோம்.

அன்றிரவு தொலைநோக்கி ஒரு கீறலும் இல்லாமல் வெளியே வந்தது. விடியற்காலையில் கீழே தேனிச் சமவெளி முழுவதையும் மேகம் மூடியிருக்க, அதற்கு மேலே சூரியன் உதித்தான். 2,640 மீட்டர் உயரமுள்ள மீசைப்புலிமலையின்மீது முதல் வெயில் விழுந்தது. பழைய முறையில் இலையை உருட்டிப் பதம் செய்யும் தோட்டத்துத் தேநீரையும் குடித்தோம். மனநிறைவோடு இறங்கத் தொடங்கினோம். மனநிறைவுக்கும் மறதிக்கும் நெருங்கிய உறவு உண்டு போலும்! குழந்தை தண்ணீர் குடித்துவிட்டுக் கொடுத்த குடுவையை எங்களில் ஒருவர் வாங்கிக் காலடியில் வைத்தார்.

செங்குத்தான ஒரு திருப்பம். ஜீப் மிகத் தாழ்ந்த கியரில் ஊர்ந்துகொண்டிருந்தது. வலப்புறம் மலை, இடப்புறம் பள்ளத்தாக்கு. ஒரு பெரிய கல்லிலிருந்து வண்டி தொப்பென்று இறங்கிற்று. குடுவை கிளம்பி, முன் ஆசனத்தின் அடியில் உருண்டு போயிற்று. அடுத்த கணம் பெரியவர் பிரேக்கை மிதித்தார். பிரேக் இறங்கவில்லை. அடியில் குடுவை!

அவர் கத்தவில்லை. கியரைத் தொடவும் இல்லை. வண்டியை மலைப் பக்கமாக ஒடித்துக் கரையில் சாய்த்துக்கொண்டே கைப்பிரேக்கை இழுத்தார். ஜீப் மண்மேட்டில் உரசி நின்றது. அத்தனை மெதுவாகவும் தாழ்ந்த கியரிலும் போய்க்கொண்டிருந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. குழந்தை தன் தகப்பனாரின் சட்டையைப் பிடித்த பிடியை வெகு நேரம் விடவில்லை.

பெரியவர் குனிந்து குடுவையை எடுத்து எங்களிடம் நீட்டினார். "எனக்குப் பாதையைப் பற்றிப் பயமில்லை ஸார். நாற்பது வருஷமாகப் பழகின பாதை. வண்டிக்குள்ளே இருக்கிற சாமானைப் பற்றித்தான் பயம்" என்றார். எங்களுக்குப் பதில் சொல்ல வாய் எழவில்லை. ஒரு பட்டையைத் தளர்த்திக் குடுவையைப் போர்வைகளுக்கு நடுவே செருகி, நாங்களே முடுக்கினோம். அவர் வந்து, சரியாக முடுக்கியிருக்கிறோமா என்று தொட்டுப் பார்த்த பிறகே வண்டியை எடுத்தார்.

குடுவை இப்போது எங்கள் பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் இருக்கிறது. பிரேக் மிதிகட்டை பதிந்து அதன் நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. முதல் விதியைப் போதிக்கும் தினத்தில் அதை மேஜைமேல் எடுத்து வைக்கிறோம். பிள்ளைகள் அதைப் பார்த்த பிறகு நாங்கள் அதிகமாகப் பேச வேண்டியிருப்பதில்லை.