தனதன தானன

பள்ளிப்பட்டு
டிசம்பர் 12

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பாட்டுகளை அப்பாவுக்கும் போட்டுக் காட்டினேன். அமெரிக்கத் தெருமுனைகளில் நாலைந்து பையன்கள் வாத்தியம் இல்லாமல் வாயாலேயே தாளம் கட்டிப் பாடினார்களாமே, டூ-வாப். அந்தப் பெயருக்கே அர்த்தம் கிடையாது, வெறும் சத்தம்தான் என்று எழுதியிருந்தாய். அப்பா கேட்டுவிட்டு, "இது நம்ம சந்தம்தானே" என்றார்.

திருப்புகழ்ப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் 'தனதன தானன' என்கிற மாதிரி போட்டிருக்குமே, அதுதான். நம் திருப்புகழ்க் கோஷ்டியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அப்பா முதலில் அதைத்தான் சொல்லிக்கொடுப்பார். அதில் இருக்கும் தறிக்காரர்களில் பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கு. பாட்டைத் தெலுங்கு எழுத்தில்தான் எழுதி வைத்திருப்பார்கள். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தாலுகா சித்தூரை விட்டுச் சென்னை மாநிலத்துக்கு வந்தது. அந்த நோட்டுகள் மட்டும் எல்லை தாண்டவில்லை! அர்த்தம் புரியாதவரும் சந்தத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்துவிடுவார்.

அந்தப் பாட்டுகளைப் பாடிக்கொண்டே நாம் திருத்தணி மலை ஏறுகிற படித்திருவிழா ஆதிகாலத்து வழக்கம் என்று நினைத்திருக்கிறாய். இல்லை. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் ஆரம்பித்தது. நூறு வருஷத்துக்குச் சற்று மேல்தான். அவர் முன்பு மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தவர். ஆங்கிலப் புத்தாண்டு அன்று எலுமிச்சம்பழமும் கையுமாகத் துரைகள் வீட்டு வாசலில் நம் ஜனங்கள் நின்றது அவருக்குப் பொறுக்கவில்லை. பெரிய துரை தணிகை மலைமேல் இருக்கிறார், அங்கே போவோம் என்று கூட்டிவந்துவிட்டார். 365 படி, படிக்கு ஒரு திருப்புகழ்ப் பாட்டு.

அவர் கைக்கு அந்தப் பாட்டுகள் வந்ததே ஒரு முன்சீப்பின் புண்ணியம். வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராக அலைந்து ஏடு திரட்டி 1894-லும் 1901-லும் அச்சில் கொண்டுவந்தார். சிதம்பரம் தீட்சிதர்கள் ஒரு வழக்கில் திருப்புகழ் வரியைச் சாட்சியாகக் காட்டப்போய்த்தான் அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததாம். கோர்ட்டுக்கும் நல்லது செய்யத் தெரிந்திருக்கிறது.

இந்த வருஷம் அப்பாவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அடிவாரத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்கிறார். 31 காலையில் ஏறுவோம்; அமெரிக்காவில் உனக்கு அது 30 ராத்திரி. முதல் படியிலிருந்து போன் பண்ணுகிறேன், தூங்கிவிடாதே. பாட்டு மறந்திருந்தால் 'தனதன' மட்டும் சொல்.

உன்
அக்கா