வழவழ கம்பியா, சொரசொர கம்பியா?

நவரை நெல்லுக்கான காசு ஒருவழியாக வந்து சேர்ந்தது. உரக்கடை பாக்கி, அறுப்பு மெஷின் வாடகை, நகைக்கடன் வட்டி எல்லாம் போக கையில் கொஞ்சம் நின்றது. அதில் ஒரு பங்கை எடுத்து பேஸ் கிட்டாருக்குக் கம்பி வாங்கியிருக்கிறேன். நாலே நாலு கம்பி. கொள்முதல் நிலையத்தில் போடுகிற 40 கிலோ மூட்டைக் கணக்கில் சொன்னால் நாலு மூட்டை நெல்.

“ஏங்க, கம்பிக்கு ஒரு மூட்டையா?” என்றாள் வீட்டுக்காரி. கணக்கு சரிதான். அதற்குமேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நெல், ஏரி, மாடு என்றே எழுதுகிறவன் திடீரென்று பேஸ் கிட்டார் என்கிறானே என்று சென்னையிலிருந்து படிக்கிறவர்களுக்குத் தோன்றலாம். தொண்ணூறுகளில் ஏழெட்டு வருஷம் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தவன் நான். பகலில் கழனி, ராத்திரியில் மேடை. உத்திரமேரூர், மதுராந்தகம், வாலாஜாபாத் என்று சுற்றாத ஊர் கிடையாது. ஆடி மாசம் கூழ் ஊத்துற திருவிழா சமயத்தில் தூக்கமே இருக்காது. அப்புறம் புதுசு புதுசாகக் கீபோர்டு வந்தது. டிரம்ஸும் பேஸும் அதற்குள்ளேயே அடங்கிவிட்டன. அதற்கப்புறம் பென் டிரைவில் ட்ராக். குழுவில் ஆள் குறைக்க வேண்டி வந்தால் முதல் தலை பேஸ்காரனுடையதுதான். பாடகரை எடுத்தால் ஜனம் சண்டைக்கு வரும். பேஸை எடுத்தால் ‘ஏதோ குறையுதே’ என்று மட்டும் தோன்றும், என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியாது.

இந்த ஆடிக்கு எங்க ஊர்ப் பசங்க வசூல் பண்ணி, ட்ராக் வேண்டாம், ஆளுங்களே வாசிக்கிற கச்சேரி, முழுக்க ராஜா பாட்டு என்று முடிவு செய்திருக்கிறார்கள். பழைய குழுவின் அண்ணன் போன் பண்ணினார். “தம்பி, பேஸை கீபோர்டுல இடது கையாலயே சமாளிச்சுடலாம்னு பசங்க சொல்றாங்க. நான் தான் உன் பேரைச் சொன்னேன். வந்து நின்னு காட்டு. இந்தத் தடவை எடுபட்டா அடுத்த கச்சேரிக்கும் பேஸுக்குத் தனி ஆள் உண்டு.” என்னை நம்பி அவர் வார்த்தை கொடுத்திருக்கிறார். அதுதான் விஷயம்.

ராஜா பாட்டுக்கு பேஸ் என்பது வெறும் கீழ்ச்சுதி இல்லை. ‘மூடுபனி’ படத்தின் ‘என் இனிய பொன் நிலாவே’யை (1980) ஒருதரம் ஹெட்போனில் கேளுங்கள். யேசுதாஸ் குரலை விட்டுவிட்டு கீழே ஓடுவதை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். அது தனியாக ஒரு மெட்டு. பாட்டுக்குத் துணையாக வரும், திடீரென்று தன் பாட்டுக்குப் போகும், சரியான இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். ராஜாவுக்கு நீண்ட காலம் பேஸ் வாசித்த சசிதரனை, ரகுமானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸை எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் அவர்கள் வாசித்ததை முணுமுணுக்காத ஆள் தமிழ்நாட்டில் இல்லை.

இனி கம்பிக்கு வருகிறேன். பேஸ் கம்பி என்பது நடுவில் ஒரு எஃகுக் கம்பி, அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய இன்னொரு கம்பி. சுற்றுகிற கம்பி உருண்டையாக இருந்தால் அது ரவுண்ட்வுண்ட். விரலை வைத்து இழுத்தால் அரம் மாதிரி சொரசொரவென்று இருக்கும். பட்டையான நாடாவைச் சுற்றினால் ஃப்ளாட்வுண்ட். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். வயலின் வைத்திருப்பவர்கள் கம்பியைத் தடவிப் பாருங்கள், பெரும்பாலும் அதிலும் இந்தப் பட்டைச் சுற்றுதான். வில்லும் விரலும் வழுக்கிப் போக வேண்டாமா?

வித்தியாசம் தொடுவதில் மட்டும் இல்லை. ரவுண்ட்வுண்ட் ‘டிங்ங்ங்’ என்று பியானோ மாதிரி நீளும், மேல் ஓசைகள் நிறைய. ஃப்ளாட்வுண்ட் ‘தும்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். தவிலில் தொப்பிப் பக்கம் விழும் அடி மாதிரி உருண்டையாக இருக்கும். ஃபென்டர் கம்பெனி 1951ல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது அதில் இருந்தது ஃப்ளாட்வுண்ட்தான். 1960களின் நடுவில் இங்கிலாந்தில் ரோட்டோசவுண்ட் கம்பெனி, ‘தி ஹூ’ குழுவின் ஜான் என்ட்விசிலோடு சேர்ந்து ரவுண்ட்வுண்டைச் சீர்ப்படுத்தியது. அதற்கப்புறம் உலகமே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. சாயாத ஒருவர் டெட்ராய்ட்டில் இருந்தார். மோட்டவுன் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன். 1962 மாடல் பிரிசிஷன், அதில் தடிமனான லா பெல்லா ஃப்ளாட்வுண்ட், வலது கையில் ஒரே ஒரு விரல். கம்பியை அவர் லேசில் மாற்றமாட்டாராம். பழசாகப் பழசாகத்தான் அந்தக் கம்பிக்குக் குரல் வரும்.

என்னிடம் இருந்த ரவுண்ட்வுண்ட் நேர் எதிர். புதுசாக இருக்கும்போது மினுங்கும், இரண்டு மாசத்தில் செத்துப்போகும். எங்க ஊரில் அதற்கு இன்னும் ஆயுசு குறைவு. கல்குவாரி டிப்பர்கள் ராப்பகலாக ஓடுகிற ரோடு. திண்ணையில் உட்கார்ந்து வாசித்தால் அந்த மாவுப் புழுதியும் விரல் வியர்வையும் கம்பியின் இடுக்கில் போய் அடைந்துகொள்ளும். செத்த கம்பியைக் கழற்றி வெந்நீரில் பத்து நிமிஷம் கொதிக்க வைத்தால் அழுக்கு கழன்று கொஞ்ச நாளைக்கு உயிர் வரும். மேடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். போன மாசம் நான் அதைச் செய்தபோது எங்க அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாடா, நூடுல்ஸா?” என்றார். அந்தப் பாத்திரம் இப்போது மாட்டுக்குக் கழனித்தண்ணி ஊற்றப் போய்விட்டது. வீட்டுக்காரி திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டாள்.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது விரல்தான். இருபது வயசில் இருந்த விரல் இல்லை இது. வரப்பு வெட்டி, அருவாள் பிடித்து, சேற்றிலும் உரத்திலும் ஊறி, நுனியெல்லாம் ஏரி காய்ந்த மாதிரி வெடித்துக் கிடக்கிறது. அந்த வெடிப்பில் ரவுண்ட்வுண்டின் வரி வந்து மாட்டும். ராத்திரி ஒரு மணி நேரம் பயிற்சி செய்துவிட்டு விடியற்காலை நாலரைக்கு மாட்டுக்கடியில் உட்கார்ந்தால், ஒவ்வொரு பீச்சுக்கும் எரியும். என் கை தடுமாறினால் எங்க சிவப்பி பாலை எக்கிக்கொள்வாள். ஒரு வாரம் கறவை அரை லிட்டருக்கு மேல் குறைந்தது. கச்சேரிக்காக மாட்டைப் பட்டினி போட்ட கதையாகிவிடும். கையா, கச்சேரியா என்று தேர்ந்தெடுக்க எனக்கு விருப்பமில்லை. அதனால் கம்பியை மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

அக்கா பையன் காலேஜில் படிக்கிறான், பேஸ் வாசிப்பான், கட்டைவிரலால் அடித்து வாசிக்கிற ஸ்லாப் ஆசாமி. அவனுக்கு ஃப்ளாட்வுண்ட் என்றாலே கோபம். “மாமா, போர்வையைப் போத்திக்கினு பாடற மாதிரி இக்கும் மாமா அது. உங்க ஊர் ஸ்பீக்கர்ல ஒண்ணுமே கேக்காது.”

முதல் பாதியை விட்டுவிடலாம், ரசனை. இரண்டாவது பாதியில் நியாயம் இருக்கிறது. பேஸின் E கம்பி வினாடிக்கு 41 தடவைதான் அதிர்கிறது. மரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கருக்கு 200க்குக் கீழே தொண்டையே கிடையாது. அப்படியானால் அந்தக் காலத்தில் குழாயில் பேஸ் எப்படிக் கேட்டது? 41ன் மடங்குகளாக மேல் ஓசைகள் வருகின்றன இல்லையா, குழாய் அவற்றை மட்டும் தரும். கீழே இருக்க வேண்டிய 41ஐ நம் காதே நிரப்பிக்கொள்ளும். மேல் ஓசை குறைந்த கம்பியைப் போட்டால் காதுக்கு அந்தத் துப்பும் கிடைக்காது. பையன் சொன்னது இதைத்தான், அவனுக்குக் காரணம் தெரியாவிட்டாலும்.

ஆனால் இப்போது மேடையில் குழாயா வைக்கிறார்கள்? ஆளுயர பாக்ஸ், கீழே சப்-வூஃபர். சவுண்ட் செட் தம்பிகள் பேஸை முழுக்கத் திருகிவிடுவார்கள். அதில் ரவுண்ட்வுண்ட் வாசித்தால் விரல் இழுக்கிற ‘க்ரீச்’ கூட ஊருக்கே கேட்கும். ராஜா பாட்டில் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போகிற இடங்கள் அதிகம். அங்கே கம்பி வாயைத் திறக்கக் கூடாது. தெருக்கோடி வரைக்கும் குழாய், மேடைப் பக்கம் பாக்ஸ் என்று இரண்டும் கலந்து கட்டுவதால் எனக்கு வேண்டியது வழவழப்பாகவும் இருக்க வேண்டும், முழுக்க மூடியும் போகக் கூடாது.

வியன்னாவில் செய்கிற தோமாஸ்டிக் ஜாஸ் ஃப்ளாட்ஸ் இழுவை குறைவு, வெடித்த விரலுக்குப் பஞ்சு மாதிரி என்கிறார்கள். விலையைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். லா பெல்லா, ஜேமர்சன் ஆசை; ஆனால் குழாய்க்கு ரொம்ப இருட்டு. கடைசியில் டடாரியோ குரோம்ஸ். ஃப்ளாட்வுண்டிலேயே வெளிச்சமான குரல் உள்ளது என்று பெயர் வாங்கியது. கனம் 45 முதல் 100 வரை.

மாட்டும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கம்பியை அளந்து நேராக வெட்டிவிடக் கூடாது. வெட்டிய முனையில் பட்டைச் சுற்று நெகிழ்ந்துகொண்டால் நாலு மூட்டையில் ஒரு மூட்டை போச்சு. டியூனிங் கீயைத் தாண்டி நாலு அங்குலம் விட்டு, முதலில் செங்கோணமாக மடித்து, மடிப்புக்கு அப்புறம்தான் வெட்ட வேண்டும். பழைய கம்பியைவிட இழுவை கூட என்பதால் கழுத்து லேசாக வளைந்தது. உள்ளே இருக்கிற ராடை ஆலன் கீயால் கால் திருகு திருகி ஒரு ராத்திரி விட்டேன். காலையில் நேராகிவிட்டது.

இரண்டு வாரம் ஆகிறது. விரலில் எரிச்சல் இல்லை. சிவப்பி பழைய அளவுக்குக் கறக்கிறாள். போன ஞாயிறு அக்கா பையன் வந்து வாசித்துப் பார்த்தான். ஸ்லாப் அடித்தான், ‘டப் டப்’ என்று பலகையைத் தட்டுகிற மாதிரி கேட்டது. முகத்தைச் சுளித்தான். அப்புறம் சும்மா விரலால் ‘பொன் நிலாவே’யின் முதல் வரியை எடுத்தான். நிறுத்தாமல் பாட்டு முழுக்கப் போனான். “இதுக்கு ஓகே மாமா, என் பேஸுக்கு வேணாம்” என்று கொடுத்துவிட்டுப் போனான்.

E கம்பி மட்டும் இன்னும் விறைப்பாகவே இருக்கிறது. ஆடி இரண்டாம் ஞாயிறுக்கு மூன்று வாரம் பாக்கி. சொர்ணவாரிக்கு இரண்டாம் களை எடுக்க ஆள் சொல்லியிருக்கிறேன், நாளைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.