கப்புக்குள் இருக்கும் காற்று

மார்ச் 4

வீட்டுக்கு இன்சுலின் வந்துவிட்டது. தட்டில் எத்தனை கிராம் மாவுச்சத்து என்று பார்த்துத்தான் இனி குழந்தைக்கு ஊசி. பாஸ்தாவைக் கண்ணளவில் கொட்டும் காலம் முடிந்தது. இத்தாலியக் குறிப்புகள் ஆளுக்கு 80 முதல் 100 கிராம் என்கின்றன. அமெரிக்கக் குறிப்புகள் கப்பில் சொல்கின்றன. ஒரு கப் பாஸ்தா எத்தனை கிராம்? இதற்கு ஒரே விடை கிடையாது. எல்போ மக்ரோனி அரை கப் ஏறக்குறைய 56 கிராம். அதே 56 கிராம் பென்னே மூன்றில் இரண்டு பங்கு கப்பை நிரப்பிவிடும். அதாவது ஒரு கப் மக்ரோனி 112 கிராம், ஒரு கப் பென்னே 84 கிராம். இரண்டுமே துரும் கோதுமை ரவையில் செய்தவை, மாவின் அடர்த்தியிலும் பேதம் இல்லை. வித்தியாசம் முழுக்கக் காற்றுதான்: குழலுக்குள் நிற்கும் காற்று, குறுக்கும் நெடுக்குமாக விழுந்த துண்டுகளின் இடுக்கில் தங்கும் காற்று. கப்பைக் குலுக்கினால் துண்டுகள் இறங்கி, இன்னும் ஒரு பிடி போட இடம் கிடைக்கிறது. தராசில் காற்று ஏறுவதில்லை.

மார்ச் 5

கப்பே ஒன்றுபோல் இல்லை. அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250.

மார்ச் 11

அரிசியைத் தலைமுறை தலைமுறையாக ஆழாக்கில் தலைதட்டித்தானே அளந்தோம், யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அரிசிமணி சிறியது, கெட்டியாக அடையும். வீட்டில் வாங்கும் ரகமும் அடிக்கடி மாறுவதில்லை. அதனால் ஆழாக்கு ஏமாற்றவில்லை. பாஸ்தாவிலோ பாக்கெட் மாறினால் வடிவமும் மாறுகிறது. மக்ரோனிக்கும் பென்னேக்கும் கப்புக்கு 28 கிராம் இடைவெளி. உலர்ந்த பாஸ்தாவில் நூற்றுக்கு 70 முதல் 75 பங்கு மாவுச்சத்து என்பதால், அது சுமார் 20 கிராம் மாவுச்சத்து. 10 கிராமுக்கு ஒரு யூனிட் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் இரண்டு யூனிட் தவறிப்போகும். கூடப் போட்டால் சர்க்கரை தாழும். இந்தக் கணக்கே தோராயம்தானே, இதில் தராசு எதற்கு என்பது இன்னொரு வாதம். தோராயம் உண்மைதான். உடம்பின் ஏற்ற இறக்கத்தை, விளையாட்டை, காய்ச்சலை நம்மால் கட்டுப்படுத்த முடியாது. அதனால்தான் நம் கைக்குள் இருக்கும் பிழையையாவது விட்டுவைக்கக் கூடாது.

மார்ச் 12

பாக்கெட்டின் பின்பக்கம் 100 கிராமுக்குக் கணக்கு. முன்பக்கம் ஒரு தட்டு நிறையப் படம். இரண்டையும் இணைக்க ஒரு வரிகூட இல்லை. ஆத்திரமாக வருகிறது.

மார்ச் 19

கப்பில் அடங்காத ஸ்பகெட்டிதான் உண்மையில் அளக்க எளிது. எல்லா இழைக்கும் ஒரே நீளம், எல்லாம் ஒரே திசையில் நெருங்கிப் படுக்கின்றன. இடுக்கும் குறைவு, அது மாறுவதும் குறைவு. கட்டின் குறுக்களவு தெரிந்தால் எடை தெரிந்துவிடும். சுமார் 25 சென்டிமீட்டர் இழைகளில், இரண்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள கட்டு ஏறத்தாழ 100 கிராம். விட்டம் இரட்டித்தால் எடை நான்கு மடங்காகும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஆகக் கொள்ளளவின் மீது கோபப்பட்டுப் பயனில்லை. காற்று ஒரே அளவில் நிற்கும் இடத்தில் அதையும் நம்பலாம்.

மார்ச் 20

இன்று தராசுக்கு வேலையில்லை. இட்லி.

மார்ச் 27

வெந்த பிறகு வேறொரு சிக்கல். எல்லோருக்கும் ஒரே பாத்திரத்தில் வேகும்போது ஒருவருடைய பங்கை மட்டும் உலர்வாக நிறுத்து என்ன பயன்? தண்ணீர் குடித்த பாஸ்தா இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும், ஒரு நிமிடம் கூட வெந்தால் இன்னும் கனக்கும். ஆனால் விகிதம் கைகொடுக்கிறது: 300 கிராம் போட்டு, வடித்தபின் மொத்தம் 690 கிராம் வந்தால், அதில் 230 கிராம் எடுத்த தட்டில் இருப்பது 100 கிராம் உலர் பாஸ்தா. சாஸ் சேர்க்கும் முன் நிறுத்தால் இது பிசகாது. வெளியே சாப்பிடும் நாளில் மொத்த எடையும் தெரியாது, சாஸும் கலந்தே வரும். அங்கே எந்த அளவைக் கொண்டு ஊசி போடுவது என்பதற்கு இன்னும் வழி தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள் விருந்துக்கு அழைப்பு வந்திருக்கிறது.