வெங்காயத் தோட்டமும் ஏழாண்டு ஆட்சியும்

திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்க 1970 முதல் 1977 வரை நடத்திய ஆட்சியைப் பற்றி யாழ்ப்பாணத்தில் இரு வேறு நினைவுகள் நிலவுகின்றன. தோட்டஞ் செய்தோருக்கு அது பொற்காலம்; பல்கலைக்கழக வாயிலில் நின்றோருக்கோ அது தரப்படுத்தலின் காலம். இவ்விரு நினைவுகளும் பெரும்பாலும் ஒரே வீட்டுக்குரியவை. அவற்றைத் தராசின் இரு தட்டுகளில் இட்டு நிறுத்துப் பார்ப்பதே நம்மவர் வழக்கம். எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை.

அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் வெங்காயம், செத்தல் மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, வலிகாமத்துச் செம்மண் பெருவிலை பெற்றது. துலா நின்ற கிணற்றடிக்கு நீரிறைக்கும் இயந்திரம் வந்தது, ஓலைவீடு கல்வீடாயிற்று, லொறிகள் கொழும்புக்கு விரைந்தன. தமிழகச் சஞ்சிகைகள் மீதான கட்டுப்பாட்டினால் ஈழத்து நூல் வெளியீடும் அக்காலத்திலே தளிர்த்தது. (அத்தளிர்ப்பை வியந்தெழுதும் நம் விமர்சகர்கள், அது அரச கட்டளையொன்றின் பக்கவிளைவு என்பதை அத்துணை அழுத்திக் கூறுவதில்லை.)

அதே கட்டுப்பாடுகளின் மறுபக்கத்தை மலையகம் கண்டது. பங்கீட்டு அரிசி குறைந்து, மாவும் பாணும் அரிதாகி, விலைகள் ஏறியபோது, நாட்கூலியன்றி வேறெதுவும் இல்லாத தோட்டத் தொழிலாளர் பட்டினியால் மாண்டனர். யாழ்ப்பாணத்துப் பொற்காலம் பற்றிய பேச்சில் இச்சாவுகள் இடம்பெறாதது நமக்குப் பெருமை தருவதன்று.

வெங்காயம் விற்ற பணத்தில் ரியூட்டரிக்குச் சென்ற மகனின் கதை நாமறிந்ததே. 1971ஆம் ஆண்டுப் பிரவேசத்தில், பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமாயிருந்தன. தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 தேவைப்பட்டது. பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீட்டை நான் இதனோடு சேர்த்துக் கண்டிக்க மாட்டேன். ஆய்வுகூடமே இல்லாத பாடசாலையில் பயின்ற மன்னார், வவுனியா மாணவருக்கும் அது வழிதிறந்தது. ஆனால், ஒரே பரீட்சையில் மொழியை வைத்துப் புள்ளியை வேறுபடுத்தியதற்கு எந்தச் சமூகநீதி வாதமும் துணைவராது.

1972 மே 22இல் நடைமுறைக்கு வந்த குடியரசு யாப்பிலும் இதே போக்கையே காண்கிறோம். சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு தந்த சிறுபான்மையினர் காப்பு மறைந்தது. பௌத்தத்துக்கு முதன்மையிடம் வழங்கப்பட்டது. தமிழரசுக் கட்சி 1971இலேயே அரசியல் நிர்ணய சபையை விட்டு வெளியேறிவிட்டது. 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை வன்மையாக எதிர்த்த கொல்வின் ஆர். டி சில்வாவே அவ்யாப்பின் பிரதான சிற்பி என்பது, இடதுசாரிச் சிந்தனையில் ஊறிய எம்மனோர்க்கு இன்றும் விழுங்கற்கரிய செய்தி. 1970இல் ஐந்தாண்டுக்குத் தெரிவான அரசு, அதே யாப்பைக் கொண்டு தன் ஆயுளை 1977 வரை நீட்டிக்கொண்டது.

தோட்டக்காரருக்கு விலையைக் கொடுத்ததும் அவர் மகனுக்குக் கதவைச் சாத்தியதும் ஒரே அதிகாரமே. அது முன்னவருக்கு நன்மை செய்ய எண்ணியதுமில்லை. அவரது சம்மதத்தை நாடியதுமில்லை. செலாவணி மிச்சமாக வேண்டியிருந்தது. வெங்காயம் அதற்குப் பயன்பட்டது.

1977 யூலைத் தேர்தலில் சுதந்திரக் கட்சி எட்டு ஆசனங்களுக்குச் சுருங்கியது. புதிய அரசு இறக்குமதியைத் திறந்துவிட்டது. மிளகாயும் வெங்காயமும் விலை சரிந்தன. தடை விதித்தபோது போலவே அதனை நீக்கியபோதும் வலிகாமத்துத் தோட்டக்காரரை எவரும் கேட்கவில்லை.