‘ங்க’ பொத்தான்

போன வருடம் ஒரு நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் அந்தப் படத்தைப் பார்த்தேன். மேடையில் எட்டுப் பேர். நடுவில் சக்கர நாற்காலியில் ஒரு பையன். அவன் மடியில் உறைகூடப் பிரிக்காத ஒரு டேப்லெட். எட்டுப் பேரும் கேமராவைப் பார்க்கிறார்கள், பையன் மட்டும் டேப்லெட்டைப் பார்க்கிறான். கீழே, பேச முடியாத குழந்தைகளுக்குப் பேசும் கருவி வழங்கப்பட்டதாக இரண்டு வரிச் செய்தி.

மதுரையில் ஆசிரியராக இருக்கும் நண்பரிடம் இதைச் சொன்னதும் சிரித்தார். “குடுத்த டேப்லெட் இப்ப எங்க இருக்குன்னு தேடிப் போனா உங்களுக்கு வயித்தெரிச்சல்தான் மிச்சம். டேப்லெட் எப்படிப் பேசுதுன்னு பாக்கணும்னா ஒரு டீச்சர் இருக்காங்க. அவங்க பின்னாடி ஒரு நாள் போய்ட்டு வாங்க.”

அப்படித்தான் திருமங்கலத்தைத் தாண்டி, இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் மண்டிய ஒரு சாலையில், டீச்சரின் ஸ்கூட்டிக்குப் பின்னால் நண்பரின் பைக்கில் போய்க்கொண்டிருந்தேன். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் அவர். பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளை வாரம் ஒருமுறை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது அவர் வேலையில் ஒரு பாதி. மறுபாதி என்னவென்று கேட்டேன். “ரெஜிஸ்டர் எழுதுறது” என்றார்.

வீட்டு வாசலில் வேப்பமர நிழல். நாங்கள் பார்க்கப் போன பையனுக்குப் பதின்மூன்று வயது, மூளை முடக்குவாதம். கை கால்கள் அவன் நினைத்த பக்கம் போகாமல் தாமாக முறுக்கிக்கொள்ளும். நாக்கும் அப்படியே. “எல்லாம் புரியும் தம்பி. நம்மளவிட வெவரம். சொல்லத்தான் வாய் வராது” என்றார் அப்பத்தா. சக்கர நாற்காலியின் குறுக்குத் தட்டில் வெல்க்ரோ பட்டையால் ஒட்டியிருந்தது டேப்லெட். மூலையில் ஒரு கீறல். திரையில் ஒரு நேரத்தில் இருபது கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு படமும் ஒரு சொல்லும். ஆட்கள் மஞ்சள், செயல்கள் பச்சை, பொருட்கள் ஆரஞ்சு, எப்படி இருக்கிறது என்று சொல்லும் சொற்கள் நீலம். இந்த வண்ணப் பகுப்புக்கு வேர் 1926இல் இருக்கிறது. காது கேளாத குழந்தைகளுக்கு வாக்கியம் அமைக்கக் கற்றுத்தர எடித் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற அமெரிக்க ஆசிரியை அந்த ஆண்டு ஒரு புத்தகம் எழுதினார். அவருக்கும் காது கேளாது. சொற்களை வகை பிரித்துக் காட்டும் அவருடைய முறையைத்தான் பின்னால் வந்தவர்கள் வண்ணமாக்கினார்கள். கருவேலங்காட்டு வாசலில் மஞ்சளும் பச்சையுமாக அது மினுங்கிக்கொண்டிருந்தது.

டீச்சர் உட்கார்ந்ததும் பையனிடம் எதுவும் கேட்கவில்லை. “இன்னிக்கு வெயில் ஜாஸ்தி” என்று சொல்லிக்கொண்டே தானும் ‘வெயில்’, ‘ஜாஸ்தி’ என்று இரண்டு பொத்தான்களைத் தொட்டார். “தண்ணி குடிக்கலாமா” என்று அவனிடம் கேட்டபோது ‘தண்ணி’, ‘குடி’. தான் பேசும் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஓரிரு சொற்களை இப்படித் தொட்டுக் காட்டிக்கொண்டே இருக்கிறார். குழந்தை பேச ஆரம்பிக்கும் முன் வீட்டில் ஒரு வருடம் பேச்சைக் கேட்கிறதல்லவா? அதே கணக்குதான். இந்தப் பெட்டியின் பேச்சை முதலில் யாராவது அவனுக்குப் பேசிக் காட்ட வேண்டும். “எட்டு மாசம் நான் மட்டும் தனியாத்தான் பேசிட்டிருந்தேன் சார். பைத்தியம்னு நெனச்சிருப்பாங்க.” அப்பத்தா மறுக்கவில்லை. பெட்டியிடம் பழகிவிட்டால் வருகிற கொஞ்சநஞ்சப் பேச்சும் போய்விடும் என்று அவனுடைய அப்பா பயந்திருக்கிறார். எல்லாப் பெற்றோருக்கும் வரும் பயம்தான். இத்தகைய கருவி பேச்சைக் கெடுப்பதில்லை, சிலருக்குப் பேச்சு கூடியும் இருக்கிறது என்றுதான் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டீச்சர் அதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லையாம். “சொன்னா கேக்கவா போறாரு? அவன் ஒருநாள் சொல்லட்டும்னு விட்டுட்டேன்.”

அவன் சொன்ன முதல் சொல் ‘வேணாம்’. இட்லியைத் தட்டில் வைத்தபோது சொன்னான். வீட்டில் எல்லோரும் ‘அம்மா’வுக்காகக் காத்திருந்தார்கள். டீச்சர் ‘அம்மா’வை முதலில் வைக்கவே இல்லை. அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், அவளைக் கூப்பிட ஒரு முனகல் போதும். மறுப்பதற்கு அவனிடம் இருந்தது தட்டைத் தள்ளிவிடுவது ஒன்றுதான். அதற்கு ஏச்சு வாங்குவான். ‘வேணாம்’ என்று பெட்டி சொன்ன அன்று முதன்முறையாக, இட்லி வேண்டாமென்றால் வேறென்ன வேண்டும் என்று அவனிடமே கேட்டார்கள்.

இந்த இடத்தில் டீச்சர் எந்தப் பயிற்சிக்குப் பின் எந்தப் பயிற்சி, மதிப்பீட்டுப் படிவத்தில் எத்தனை நிலைகள் என்று அரைமணி நேரம் விளக்கினார். எனக்குப் பாதிக்கு மேல் தங்கவில்லை, விட்டுவிடுகிறேன்.

ஆனால் தமிழ் பற்றி அவர் சொன்னது தங்கியது. இந்த வகைச் செயலிகள் ஆங்கிலத்தில் பிறந்தவை. ஆங்கிலத்தில் சொற்களை வரிசையாக அடுக்கினால் வாக்கியம் வந்துவிடும். தமிழில் ‘நான்’, ‘தண்ணீர்’, ‘வேண்டும்’ என்று மூன்று படங்களைத் தொட்டால் ‘நான் தண்ணீர் வேண்டும்’ என்று பெட்டி சொல்லும். அப்படி யாரும் பேசுவதில்லை. நமக்கு ‘எனக்கு’ வேண்டும், இல்லாவிட்டால் வெறும் ‘தண்ணி வேணும்’ போதும். எட்டு வேற்றுமையையும் இருபது கட்டத்துக்குள் எங்கே வைப்பது? அதற்கு மேல், கணினிக் குரல் செய்தி வாசிப்பதுபோல ‘வேண்டும்’ என்று சுத்தமாக உச்சரிக்கும். பசியோடு இருக்கும் பிள்ளை ‘எனக்கு உணவு வேண்டும்’ என்றால் அது அரசர் கதையில் வரும் புலவர் பேச்சு. டீச்சர் ‘நான்’ பொத்தானைத் தூக்கிவிட்டு ‘எனக்கு’, ‘என்னோட’ என்று இரண்டை வைத்தார். எழுத்துத் தமிழை எல்லாம் கழித்துவிட்டு மதுரைப் பேச்சைப் போட்டார்.

அப்படியும் ஒன்று விட்டுப்போனது. ஒருநாள் பள்ளித் தலைமையாசிரியர் பையனைப் பார்க்க வீட்டுக்கு வந்திருக்கிறார். பையன் சந்தோஷத்தில் கை முறுக்கி, சமாளித்து, ஒரு பொத்தானைத் தொட்டான். “வா” என்றது பெட்டி. எல்லோரும் உறைந்துவிட்டார்கள். அப்பத்தாதான் முதலில் வாய் திறந்திருக்கிறார்: “இத்தன வெல குடுத்து வாங்குன பொட்டிக்கு மருவாதி தெரியலயே டீச்சரு!” மறுவாரம் டீச்சர் கீழ்வரிசைக் கடைசிக் கட்டத்தைக் காலி செய்து அதில் ‘ங்க’ என்று ஒரு பொத்தான் வைத்தார். படம், கும்பிடும் கை. ‘வா’, ‘ங்க’. ‘சாப்புடு’, ‘ங்க’. ஒட்டாமல் நடுவில் ஒரு இடைவெளி விழும், பரவாயில்லை. பையன் அதைப் பிடித்துக்கொண்ட விதம்தான் வேடிக்கை. யாருக்கு ‘ங்க’ போடுவது, யாருக்குப் போடாமல் விடுவது என்று அவனுக்குத் தனிப் பட்டியலே இருக்கிறது. சின்ன மாமாவுக்குக் கிடையாதாம். காரணம் கேட்டால் சிரிக்கிறான்.

இந்த வகைப் பெட்டிகள் 2010 வாக்கில்கூட வெளிநாட்டில் லட்சக்கணக்கான ரூபாய் விலைக்கு விற்றன. அந்த ஆண்டுதான் ஐபேட் வந்தது. அதே ஆண்டு, ஐஐடி மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன் ‘அவாஸ்’ என்ற பேசும் கருவியைச் சென்னையில் உருவாக்கி வெளியிட்டார். 1985இல் பூனம் நடராஜன் தொடங்கிய, கோட்டூர்புரத்தில் இருக்கும் வித்யாசாகர் அமைப்பின் குழந்தைகளோடும் ஆசிரியர்களோடும் பழகி உருவாக்கியது அது. முதலில் தனிக் கருவியாக இருந்தது, பிறகு டேப்லெட்டில் ஓடும் செயலியாயிற்று. ஐஐடி பம்பாயில் உருவான ‘ஜெல்லோ’ இலவசம். அதில் பிடிக்கும், பிடிக்காது, ஆமாம், இல்லை, இன்னும், குறைவாக என்று ஆறு பொத்தான்கள் எப்போதும் ஓரத்தில் நிற்கும். ஆக, செயலிக்குப் பஞ்சமில்லை.

பஞ்சம் வேறொன்றுக்கு. பையனின் டேப்லெட்மேல் கண்ணாடிபோல ஒரு பலகை இருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நேராக ஒரு ஓட்டை. ஐந்துக்கு நான்கு, இருபது ஓட்டைகள். தொடுதிரை விரலுக்கும் மணிக்கட்டுக்கும் வித்தியாசம் பார்க்காது, எச்சில் துளி விழுந்தால்கூடத் தொட்டதாக எடுத்துக்கொள்ளும். இவன் கை திரையில் இழுபட்டுப் போகும்போது வழியில் உள்ள ஐந்து சொற்களையும் சொல்லிவிடும். பலகை இருந்தால் கையை அதன்மேல் ஊன்றிக்கொள்ளலாம், நகர்த்தலாம், வேண்டிய ஓட்டை வந்ததும் ஒரு விரலை இறக்கலாம். வெளிநாட்டில் இதை விற்கிறார்கள். அஞ்சல் செலவையும் சேர்த்தால் இங்கே ஒரு புது டேப்லெட்டே வாங்கிவிடலாம்.

டீச்சர் முதலில் பரீட்சை அட்டையை அறுத்துப் பார்த்தார். திரையை மறைத்தது. ஐஸ்கிரீம் டப்பா மூடி வளைந்தது. பழைய எக்ஸ்ரே ஃபிலிம் ஒரு வாரத்தில் கிழிந்தது. கடைசியில் திருமங்கலத்தில் கடைப் பலகைகளுக்கு எழுத்து வெட்டித் தரும் ஒருவரிடம் போனார். மாலையில் என்னையும் அங்கே கூட்டிப்போனார். சுவரெல்லாம் வெட்டி மிஞ்சிய எழுத்துகள். ஒரு மூலையில் ‘ஜவுளி’யில் விழுந்த ‘ஜ’ கிடந்தது. “அக்கா முதல்ல வந்து கேட்டப்ப மூணு எம்எம் ஷீட்டுல போட்டுக் குடுத்தேன் சார். விரல் அடி வரைக்கும் போகலைன்னு திருப்பிக் கொண்டாந்தாங்க. ரெண்டு எம்எம் போட்டேன், நடுவுல அமுங்கி அதுவா அழுத்திக்குது. அப்புறம் மூணு எம்எம்லயே ஓட்டையோட உதட்டை உள்பக்கமாச் சரிச்சுத் தேய்ச்சுக் குடுத்தேன். நின்னுருச்சு.” ஓட்டை 30 மில்லிமீட்டர் அகலம், 24 மில்லிமீட்டர் உயரம். வெட்டியபின் உப்புத்தாள் வைத்து ஒவ்வொரு விளிம்பையும் கையால் தேய்க்கிறார், மணிக்கட்டில் கீறாமலிருக்க. நான் பார்த்துக்கொண்டிருந்தபோது தேய்த்த இடத்தைத் தன் கன்னத்தில் இழைத்துப் பார்த்தார். விரல் காய்ப்பேறிக் கிடக்கிறது, அதற்குத் தெரியாதாம். ஒரு பலகைக்கு 180 ரூபாய் வாங்குகிறார். டீச்சர் தன் கையிலிருந்து கொடுக்கிறார். பதினோரு பலகை ஆகிவிட்டது.

தொகுப்பூதியம்தான். எவ்வளவு என்று சொன்னார், எழுத வேண்டாம் என்றும் சொன்னார். இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப் பயிற்சிகளுக்குப் போக வேண்டும். பதிவும் பயிற்சியும் கட்டாயம், வேலை மட்டும் நிரந்தரமில்லை.

நாளிதழ்ப் படத்தில் பார்த்ததுபோல விழா வைத்துத் தந்த டேப்லெட்டுகள் சிலவற்றை அவர் பார்த்திருக்கிறார். பீரோவுக்குள் இருந்தனவாம். திறந்தால் ஆங்கில நர்சரிப் பாட்டும், ஆப்பிள், அம்ப்ரெல்லாவும். கடையில் இலவசமாகக் கிடைக்கும் செயலிகளை ஏற்றிவிட்டு, அதற்கு ‘மென்பொருள்’ என்று தனி வரி போட்டு விலைப்பட்டியல் எழுதியிருக்கிறது ஒரு நிறுவனம். அந்த ஒரு வரித் தொகையில் எத்தனை ஓட்டைப் பலகை வெட்டலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், கோபம் வந்தது. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. இதே பையனின் டேப்லெட்டை ‘சர்வீஸ்’ பார்க்கிறேன் என்று வாங்கிப்போன ஒருவர், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கித் திருப்பித் தந்தார். மெதுவாக ஓடுகிறதே என்று நல்லெண்ணத்தில் செய்தாராம். பொத்தான்கள் இருந்த இடங்கள் போயின. எந்தச் சொல் எங்கே என்பது அவன் கைக்குத்தான் பாடம், நாம் விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டுவது மாதிரி. மூன்று மாதம் அவன் பேசவில்லை.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். பேச்சுக் குறைபாடு உள்ளவர்களின் அன்றாடத் தொடர்புக்கு மாற்று வழிகளை ஊக்குவிக்க வேண்டும், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 18 வயது வரை உதவிக் கருவிகளை இலவசமாகத் தர வேண்டும் என்று அரசுகளுக்குச் சொல்கிறது. கருவி என்றால் பெட்டி என்று எடுத்துக்கொண்டார்கள். பெட்டிக்கு டெண்டர் விடலாம், மேடை போடலாம், படம் எடுக்கலாம். எட்டு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து தனியாகப் பேசுகிறவளுக்கு டெண்டர் விட முடியாது. அதனால் அவளுக்குத் தொகுப்பூதியம். இடையில் நிற்பவன் எண்ணிக்கையை விற்கிறான், கொடுப்பவர் எண்ணிக்கையை வாங்குகிறார். இப்படியே எழுதிக்கொண்டு போனால் பிரசங்கமாகிவிடும்.

வாசலில் நானும் அவனிடம் நிறையக் கேட்டேன். உனக்கு எந்தக் கட்டம் பிடிக்கும், எப்போது படித்தாய், யார் கற்றுத்தந்தது. மூன்றாவது கேள்விக்கு அவன் கை நகரத் தொடங்கியது. பலகையில் ஊன்றி, தோள்வரை ஒரு முறுக்கு வந்து போகும்வரை காத்திருந்து, விரல் இறங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. டீச்சர் உதவவில்லை, என்னையும் பேச விடவில்லை. “போதும்” என்றது பெட்டி. பிறகு இன்னும் அரை நிமிடம். “ங்க.”

பெட்டியில் ஒலித்தது கணினிக் குரல் அல்ல. சிறுவனின் குரல். பேசியது இவனுடைய பெரியப்பா மகன், ஒத்த வயதுக்காரன். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் டீச்சரின் போனில் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுத்தது. பின்னணியில் கோழி கூவுவதுகூட இரண்டு சொற்களில் விழுந்திருக்கிறது. டேப்லெட் அழிந்தபோது பதிவுகள் போனில் இருந்ததால் பிழைத்தன. இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு மீசை அரும்பிவிட்டது, பெட்டியில் மட்டும் இன்னும் ஒன்பது வயது. போன மாதம் அவனே அதைச் சொல்லியிருக்கிறான்: ‘குரல்’, ‘சின்ன’, ‘வேணாம்’.

பெரியப்பா மகன் இப்போது விருதுநகர் பக்கம் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அவனுக்கும் குரல் உடைந்துவிட்டது. பொங்கல் விடுமுறைக்கு வருகிறான். டீச்சர் சொற்களை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருக்கிறார், மொத்தம் 312. முதல் சொல் ‘வேணாம்’. கடைசியில் இருப்பது ‘ங்க’.